வண்டியைத் தூக்கும்போது ஓனர், விற்ற பிறகு கடன் கொடுத்தவரா?

மயிலாப்பூரில் ராத்திரி வீட்டு வாசலில் நிறுத்திய கார் காலையில் காணோம். பதறிப்போய் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினால் முதல் கேள்வியே, "ட்யூ பாக்கி இருக்கா சார்?" என்பதுதான். இருக்கிறது, மூன்று மாதம். வண்டி ஏதோ ஒரு யார்டில் நிற்கிறது. கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வரும்: வண்டி விற்றாகிவிட்டது, மீதி ஒன்றரை லட்சத்தைக் கட்டவும். எவ்வளவுக்கு விற்றார்கள், யார் வாங்கினார்கள்? மூச்! தி.நகர், அடையாறு பக்கமும் இப்படி ஒரு கதையை யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

"கடன் வாங்கினா கட்டணும்ல?" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். கட்டணும்தான், அதில் சண்டையே இல்லை. கேள்வி வேறு. அந்த வண்டி யாருடையது?

2020ல் மேக்மா ஃபின்கார்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஹயர் பர்ச்சேஸில் கடைசித் தவணை கட்டும்வரை ஃபைனான்ஸ் கம்பெனிதான் ஓனர், தவணை தவறினால் வண்டியை எடுக்கலாம். நோட்டீஸ் ஒழுங்காகக் கொடுக்காததற்கு விதித்த தொகை மொத்தமே 15,000 ரூபாய்!

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். 1966ல் நம்ம சென்னை கம்பெனியான சுந்தரம் ஃபைனான்ஸ், கேரள அரசுக்கு எதிராக ஒரு விற்பனை வரி வழக்கில் ஜெயித்தது. எப்படி? இது வியாபாரமே இல்லை, வெறும் கடன், வண்டி அதற்கு ஈடு, அவ்வளவுதான் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஆக இந்தத் தொழிலுக்கு இரண்டு முகம். வரி கேட்டால் கடன் கொடுத்தவர். வண்டியைத் தூக்கும்போது ஓனர். விற்ற மறுநாள் மீதியைக் கேட்க மறுபடியும் கடன் கொடுத்தவர்! ஓனர் என்றால், தன் வண்டியைத் தானே விற்றுவிட்டு அடுத்தவனிடம் பாக்கி கேட்பது என்ன நியாயம்? கடன்தான் என்றால், ஈட்டை விற்குமுன் சொல்ல வேண்டும், கணக்கும் காட்ட வேண்டும்.

இதற்கு சட்டமே இல்லையா? 1972ல் ஹயர் பர்ச்சேஸ் சட்டம் என்று ஒன்றைப் பார்லிமெண்ட் நிறைவேற்றியது. குறிப்பிட்ட பங்கு பணம் கட்டிய பிறகு கோர்ட் மூலமாகத்தான் வண்டியை எடுக்க முடியும் என்று அதில் இருந்தது. அது நடைமுறைக்கே வராமல் 2005ல் ரத்தானது. 2009ல் ரிசர்வ் வங்கி, எடுக்குமுன் நோட்டீஸ், விற்குமுன் கடைசி வாய்ப்பு, இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்றது. கூடவே எந்தச் சூழ்நிலையில் நோட்டீஸ் தேவையில்லை என்பதையும் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு ஓட்டையையும் வைத்தது. பொடி எழுத்தில் இருபது பக்கத்தை யார் படித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

"நோட்டீஸ் கொடுத்தா வண்டியை ஒளிச்சு வெச்சிடுவாங்க" என்பது கம்பெனிகளின் பதில். எடுப்பதற்கு முன் என்றால் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் யார்டில் பூட்டிய பிறகு வண்டி எங்கே ஓடும்? விற்குமுன் ஒரு ரிஜிஸ்டர் தபால் அனுப்ப என்ன தடை? நாலு லட்சம் போகிற வண்டியை தெரிந்த புரோக்கருக்கு இரண்டரைக்குத் தள்ளிவிட்டால், அந்த ஒன்றரை லட்சம் யார் தலையில் விழும்? தபால் அனுப்பினால் இது வெளியே வந்துவிடும், அதுதான் தடை.

பி.காம். மாணவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 176 என்ன சொல்கிறது? அடகுப் பொருளை விற்குமுன் நியாயமான நோட்டீஸ் தர வேண்டும். குறைந்தால் மீதியைக் கேட்கலாம், அதிகம் வந்தால் திருப்பித் தர வேண்டும். நகையை அடகு வைத்தவருக்கு இருக்கும் இந்த உரிமை, காருக்கு ட்யூ கட்டுகிறவருக்கும் அப்படியே வேண்டும். விற்பனை நோட்டீஸும் விற்ற கணக்கும் இல்லையா? மீதி கேட்கும் உரிமையும் இல்லை என்று சட்டத்தில் ஒரே ஒரு வரி போதும்.

அதுவரை மக்களே, லோன் பேப்பரில் "வண்டியை எடுத்தல்" என்ற பகுதியை மட்டுமாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.