தண்ணீருக்குள் பதற்றம்: கிணற்றில் கற்ற பாடம் கடலில் ஏன் உதவாது?

வாசுதேவநல்லூர் பக்கம் தோட்டத்துக் கிணறுதான் பலருக்கும் நீச்சல் பள்ளி. “மூச்ச நல்லா புடிச்சிக்கிட்டு குதில!” என்பதுதான் அங்கே முதல் பாடம். அப்படிப் பழகியவர்கள் இன்று சென்னை, பெங்களூரு என்று வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறைக்கு அந்தமானிலோ புதுச்சேரியிலோ ஸ்கூபா டைவிங் போகிறார்கள். ‘அதான் நீச்சல் தெரியுமே’ என்ற தைரியம் வேறு. ஆனால், ஸ்கூபாவின் முதல் விதி நேர் எதிரானது: மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது.

ஏன் அடக்கக் கூடாது?

கடலில் 10 மீட்டர் ஆழத்தில் உடல் மீதான அழுத்தம் மேலே இருப்பதைப் போல 2 மடங்கு. அதற்கு ஈடான அழுத்தத்தில்தான் சிலிண்டர் காற்று வாய்க்கு வருகிறது. பயந்துபோய் அந்தக் காற்றை அடக்கிக்கொண்டு விருட்டென மேலே வந்தால், அது 2 மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியலாம், காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளையை அடைக்கலாம். கிணற்றில் இந்தச் சிக்கல் இல்லை. மேலே இழுத்த காற்று உள்ளே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான்.

பதற்றம் எங்கே தொடங்குகிறது?

பெரும்பாலும் சின்ன விஷயத்தில். மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் புகும். மூச்சு வேகமாகும். வேகமான, மேலோட்டமான மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சரியாக வெளியேறாது. அது சேரச் சேரத் திணறல் கூடும். சிலிண்டரில் காற்று இருந்தும் ‘காற்று இல்லை’ என்று மூளை அலறும். வாயில் இருக்கும் ரெகுலேட்டரையே சிலர் பிடுங்கி எறிவது இதனால்தான்.

2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களது பயிற்சியாளரும் சிக்கியபோது, மீட்புக் குழு அஞ்சியதும் இதற்குத்தான். நீருக்குள் ஒரு சிறுவன் பதறினால், அவனோடு மீட்பவரின் உயிரும் போகும். அதனால், ஆஸ்திரேலிய மயக்கவியல் மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் அவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தார். நினைவில்லாத நிலையிலேயே வெளியே கொண்டுவரப்பட்டார்கள். 13 பேரும் பிழைத்தார்கள்.

என்ன செய்யலாம்?

அசையாமல் நின்று, மூச்சை நீளமாக வெளியே விட வேண்டும். யோசிப்பது அதற்கு அப்புறம்தான். உள்ளங்கையை விரித்து இடமும் வலமும் ஆட்டினால், ‘ஏதோ சரியில்லை’ என்று பயிற்றுநருக்குப் புரியும். கட்டைவிரலை உயர்த்தினால் ‘சூப்பர்’ என்று அர்த்தமில்லை; ‘மேலே போகணும்’ என்று அர்த்தம். ஆஸ்துமா, இதயப் பிரச்சினை இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்கவே கூடாது.

சுற்றுலாப் பயணிகளுக்குச் சில நிமிட விளக்கம் மட்டும் போதாது. மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை வெளியேற்றவும், நழுவிய ரெகுலேட்டரை மீண்டும் வாயில் வைக்கவும் இடுப்பளவு நீரில் பழக்கிய பிறகே ஆழத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அதைச் செய்யாத இடத்தில், படகில் ஏறிய பிறகும் ‘வேண்டாம்’ எனலாம். காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்.

ஊர்க் கிணற்றிலும் இடுப்பில் கயிறு கட்டி, படியோரமாகப் பழக்கிய பிறகுதான் ‘குதில’ என்பார்கள். கடலுக்கு எடுத்துப்போக வேண்டியது அந்த நிதானத்தை மட்டும்தான்.