இராணுவ லொறி வாங்கப் போகும் தம்பிமாருக்கு



நேற்று இஷாவுக்குப் பிறகு பள்ளி வாசலில் நான்கு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேர் என்னிடம் விஞ்ஞானம் படித்த பொடியன்கள். நாலாமவர் கட்டாரிலிருந்து வந்து ஆறு மாதம், கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. போனில் ஒரு படம் காட்டினார்கள். இராணுவம் கழித்துவிட்ட பழைய பெட்போர்ட் லொறி, நான்கு சக்கரமும் இழுக்கும் வகை, பச்சை நிறம்கூட இன்னும் போகவில்லை.

"பங்கு போட்டு எடுப்பம் எண்டு பாக்கிறம் சேர். லீவுக்கு மீமுரைப் பக்கம் போகலாம். வெள்ளம் வந்தா ஊருக்கும் உதவும்தானே."

நானும் மச்சானும் ஒரு பழைய லேண்ட் ரோவரை ஐந்து வருடமாக வைத்துக்கொண்டு அல்லாடுவது ஊருக்கே தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்டார்கள். வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். இதே ஆசையில் இருக்கும் மற்றவர்களும் வாசிக்கட்டும்.

ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் புறா வளர்க்கிறார், இன்னொருவர் கடலில் தூண்டில் போடுகிறார். பழைய இரும்பைத் தட்டி ஓட வைப்பதில் உள்ள சந்தோசம் எனக்குத் தெரியும். என் அபிப்பிராயம் ஒன்றுதான்: பெரிய லொறியை எடுக்காதீர்கள். பழைய ஜீப்பை எடுங்கள், வில்லிஸ் ஆகட்டும், லேண்ட் ரோவர் ஆகட்டும். காரணம் விலை அல்ல. ஏலத்தில் சில வேளை லொறி ஜீப்பை விட மலிவாகவே போகும். அதை நிற்பாட்டுவதுதான் கஷ்டம்.

தம்பிமார் பார்க்கிற யூடியூப் வீடியோக்களில் அதிகம் வருவது அமெரிக்கர்களின் எம்35 லொறி. அழகான வாகனம், மறுக்கவில்லை. வெறுமனே கிட்டத்தட்ட ஆறு தொன் நிறை, 24 வோல்ட் மின்சாரம், டீசல் இல்லாவிட்டால் வேறு எண்ணெயிலும் ஓடக்கூடிய எஞ்சின். ஆனால் அதன் எம்35ஏ2 வகையில் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் போவது ஒரே வழியில். எங்காவது ஒரு குழாய் ஓட்டையானால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அதை வாங்கிய வெளிநாட்டுக்காரர்கள் முதல் வேலையாக அந்த அமைப்பை இரண்டாகப் பிரிக்கப் பார்ப்பது சும்மா இல்லை. அந்தக் காலத்து லொறிகள் பலவற்றின் கதையும் இதுதான்.

"பழைய லேண்ட் ரோவரும் அப்படித்தானே சேர்?" என்று ஒருவன் கேட்டான். கெட்டிக்காரன். ஆமாம், அதிலும் ஒரே வழிதான். ஆனால் கட்டை லேண்ட் ரோவரின் நிறை ஒன்றரைத் தொன்னுக்கும் குறைவு. இப்போது யோசியுங்கள். இங்கிருந்து மீமுரைக்குப் போவதென்றால் மஹியங்கனை, பதினெட்டு வளைவு, ஹுன்னஸ்கிரிய. ஏறுவது பிரச்சினை இல்லை. திரும்பி வரும்போது பதினெட்டு வளைவையும் இறங்க வேண்டும். பிரேக் போனால் கையர் குறைத்தும் கைப்பிரேக் இழுத்தும் ஒன்றரைத் தொன்னை எப்படியாவது மண்திட்டில் சாய்க்கலாம். ஆறு தொன்னை என்ன செய்வீர்கள்? முன்னால் பஸ் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது டயர். கழித்த இராணுவ வாகனத்தில் டயர் புதிது மாதிரி இருக்கும், ஏனென்றால் அது ஓடவில்லை, நின்றது. பூவைப் பார்க்காதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். அந்த இலக்கமே இல்லாவிட்டால் அதைவிடப் பழையது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் இராணுவ வகைகளில் ரிம் இரண்டு துண்டாக இருக்கலாம். துண்டு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற நட்டுகளுக்குச் சிவப்புப் பூசி வைப்பார்கள். காற்றை முழுதாக இறக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் ரிம் வெடித்து ஆளைக் கொல்லும். எங்கள் டயர்க் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு இது தெரிய நியாயமில்லை. பெயின்ற் அடித்து விற்ற வாகனத்தில் சிவப்பும் இருக்காது. இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

லைசன்ஸ் விசயமும் இருக்கிறது. மொத்த நிறை 3500 கிலோவைத் தாண்டினால் கார் லைசன்ஸ் போதாது. நால்வரில் ஒருவரிடம்தான் கனரக லைசன்ஸ் இருக்கிறதாம். அப்படியானால் மற்ற மூவரும் காசு கொடுத்த பயணிகள்.

உதிரிப்பாகம்? லேண்ட் ரோவருக்குப் பஞ்சிகாவத்தையில் அரை நாள் அலைந்தால் கிடைக்காதது குறைவு. எங்கள் ஊர் பாஸ்மாருக்கும் அதைக் கழற்றிப் பூட்டத் தெரியும். லொறியின் முன் அச்சுக்கு ஒரு பல்சக்கரம் தேடுவது வேறு கதை. அந்தக் காலத்து பெற்றோல் ஆறு சிலிண்டர் குடிப்பதைப் பற்றி நான் பேசவே வேண்டாம், 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்கள்தானே எல்லோரும்.

லேண்ட் ரோவரிலும் ஏமாறலாம். உடம்பு அலுமினியம் என்பதால் கறள் பிடிக்காது என்று தரகர் சொல்வார். உடம்பு பிடிக்காது. கீழே சேசிஸ் உருக்கு, அது உள்ளிருந்து தின்னப்படும். ஒரு சின்னச் சுத்தியலோடு கீழே படுத்து, பின் பகுதியிலிருந்து தட்டிக்கொண்டு வாருங்கள். 'டங்' என்றால் நல்லது, 'பொத்' என்றால் எழும்பி வீட்டுக்குப் போகலாம். பலவற்றில் ஜப்பான் டீசல் எஞ்சின் மாற்றியிருப்பார்கள். மாற்றியது பிழையல்ல, எஞ்சின் இலக்கம் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.

புத்தகம் என்றதும் என் கதை. இந்த லேண்ட் ரோவருக்கு முதல், நானும் ஒரு கழித்த லொறிக்கு முற்பணம் கொடுத்தவன். சம்பளத்தில் எட்டு மாதம் சேர்த்த காசு. "புத்தகம் இரிக்கி சேர், பொறகு எடுத்துத் தாரன்" என்றார் தரகர். ஏலத்தில் எடுத்தவர் இன்னொருவருக்கு விற்று, அவர் மற்றவருக்கு விற்று, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவே இல்லை. புத்தகம் இல்லாமல் ரெவனியு லைசன்ஸ் ஏது? லொறி அவர் வளவிலேயே நின்றது. முற்பணம் பாதிதான் திரும்பி வந்தது. பாதியும் மனைவிக்குச் சொல்லாமல் கொடுத்த காசு. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவதற்கு முன் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள்.

இனி அந்த வெள்ளக் கதை. இதில்தான் நேற்று எனக்குக் கோபம் வந்தது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை நாம் யாரும் மறக்கவில்லை. அதுவும் உயரமான சக்கரம் கொண்ட வாகனம்தான். உயரம் தருவது தைரியம். தண்ணீருக்குக் கீழே வீதி இருக்கிறதா, இல்லையா என்பதை உயரம் சொல்லாது. பழைய பிரேக், பழைய டயர், பழக்கமில்லாத சாரதி, பின்னால் முப்பது பேர். அதற்கு உதவி என்று பெயர் வைக்காதீர்கள். பொழுதுபோக்குக்கு வாங்குகிறோம் என்று நேராகச் சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை. ஊருக்கு உதவ ஆசையென்றால் அந்தக் காசில் ஒரு வள்ளமும் உயிர்காப்பு அங்கிகளும் வாங்கிப் பள்ளியில் வையுங்கள்.

கடைசியாக, நிறம். எதை வாங்கினாலும் அந்தப் பச்சையில் வைத்திருக்காதீர்கள். உங்களுக்கு அது சினிமா. என் வயதுக்காரர்களுக்கு அப்படி இல்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது 'பவல்' வரும் சத்தம் முதலில் யன்னல் கண்ணாடியில் கேட்கும். எங்கள் ஊரில் சில இரவுகளில் அந்தச் சத்தம் கேட்டால்தான் உம்மா நித்திரை கொள்வா. அதே சத்தம் பக்கத்துத் தமிழ் ஊரில் சுற்றிவளைப்பு. என்னோடு கலாசாலையில் ஒரே அறையில் இருந்த நண்பன் அந்த ஊர்க்காரன். அவனுடைய அண்ணனைக் கூட்டிக்கொண்டு போன வாகனத்தின் நிறத்தை அவன் இன்றைக்கும் சொல்வான். மீமுரைக்குப் போகிற வழியில் முதல் இரண்டு கிலோமீற்றர் அவனுடைய ஊருக்குள்ளால்தான். எங்கள் லேண்ட் ரோவர் பச்சையாகத்தான் வந்தது. நீலம் அடித்தோம். மச்சானுக்கு இன்னும் மனவருத்தம், 'ஒரிஜினல் போச்சு' என்று.

பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்ற லேண்ட் ரோவர் விலைக்கு இருப்பதாக ஒரு ஆசிரியர் சொன்னார். கூரை இல்லை, சீட் இல்லை, புத்தகம் மட்டும் சரியாக இருக்கிறதாம். நால்வரும் சம்மதித்தால் சனிக்கிழமை சுபஹோடு வெளிக்கிடலாம். சுத்தியல் நான் கொண்டு வருகிறேன்.