கிராமத்து யுத்த ஞாபகக் கல்

நமது தேசத்தின் பல கிராமங்களில், தமிழ்நாட்டிலும்கூட, சுவரொன்றில் பதித்த சிறு கல்லைக் காணலாம். 1914 முதல் 1919 வரை நடந்த மகா யுத்தத்துக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்பதே அதன் வாசகம். கவனிப்பாரில்லாத இடங்களில் அக்கல் விரிசல் கண்டும், எழுத்து மங்கியும், சுவருக்கு அடிக்கும் வெள்ளையில் மறைந்தும் கிடக்கிறது.

"அன்னிய சர்க்கார் தன் பெருமைக்கு நட்ட கல் அழிந்தால் நமக்கென்ன?" என்று தேசாபிமானிகள் சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. அந்த யுத்தத்தில் சுமார் 13 லட்சம் இந்தியர் சேவை செய்தனர்; சுமார் 74,000 பேர் மாண்டனர். அதற்குக் கிடைத்த சன்மானம் யாது? கல்லில் பொறித்த அதே 1919-ஆம் வருஷத்தில் ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலாபாக் படுகொலையுமே! ஆயினும் ஏகாதிபத்தியத்தின் குற்றத்தை, அதன் சேனையில் மாண்ட ஏழைக் குடியானவன் தலையில் சுமத்துவது நியாயமாகுமா? கல்லை நட்டவர்களின் ஆட்சி 1947-ல் ஒழிந்தது. மாண்டவர்களோ என்றென்றும் நம்மவர்களே.

அக்கல்லின் உண்மையான குறை வேறு. அதில் தொகை உண்டு, பெயர் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்கள் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் பட்ட அந்தவன் என்பானைப் பெயர் சொல்லியே நினைவுகூர்கிறது. மாடு பிடிச் சண்டையில் மாண்டவனுக்கு நம் முன்னோர் அளித்த மரியாதையை, கடல் கடந்து மாண்டவனுக்கு ஒரு சாம்ராஜ்யம் அளிக்கவில்லை. 1929-ல் திறக்கப்பட்ட பாஸ்ரா ஞாபகச் சின்னத்திலும் நமது சாதாரணச் சிப்பாய்கள் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். இத்தகைய பாரபட்சத்துக்காக, காமன்வெல்த் யுத்தக் கல்லறைக் கமிஷன் 2021-ல் மன்னிப்புக் கோரியது.

ஆகவே செய்யவேண்டியவை இரண்டு. முதலாவது, கல்லைப் பழுது பார்த்தல். இதில் ஆர்வத்தைவிட நிதானமே தேவை. சலவைக்கல்லை ஆசிட் அரித்துவிடும். கம்பிப் பிரஷ் எழுத்தைத் தேய்த்துவிடும். சுத்தமான நீரும் மெல்லிய தூரிகையும் போதும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழஞ்சுவரில் சிமெண்டைப் பூசினால், ஈரமும் உப்பும் உள்ளே தங்கிக் கல்லையும் சுவரையும் கெடுக்கும். சுண்ணாம்புக் காரையே தகும். மங்கிய எழுத்தை அனுபவமில்லாதவர் புதிதாக வெட்டலாகாது; பழைய வாசகத்தைத் திருத்தவும் கூடாது. அது சரித்திரச் சாட்சியம்.

இரண்டாவது, பெயர்களை மீட்டல். கமிஷனின் பதிவேடுகளில் மாண்ட இந்தியர் பலருக்குத் தந்தையின் பெயரும் ஊரும் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றோடு ஊர்ப் பெரியோர் சொல்வதையும் ஒப்பிட்டு, ஐயமற்ற பெயர்களைத் தமிழில் பொறித்து, பழைய கல்லின் அருகே வேறொரு கல்லாக நாட்டலாம்.

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. சுதந்திர தினத்தன்று கூடும் கிராம சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றினால், பஞ்சாயத்தும் வாலிபர்களும் காரியத்தைத் தொடங்கிவிடலாம். அன்னியர் எண்ணிவிட்டுப் போனார்கள். பெயர் சொல்லி அழைக்கவேண்டிய கடமை சுதந்திர மக்களாகிய நம்முடையது.