மதிலுக்கு முன்னால் வழியைக் கட்டுங்கள்

ரயிலில் அடிபட்டு ஒருவர் இறந்த செய்தி வந்தாலும் சரி, ஓடும் ரயில் மீது கல் விழுந்த செய்தி வந்தாலும் சரி, மறுநாளே ஒரு கோரிக்கை எழும்: பாதையின் இருபுறமும் வேலி போடுங்கள். அதிகாரிகளும் பெரும்பாலும் அதையே அறிவிக்கிறார்கள். வேலி கண்ணுக்குத் தெரியும். இத்தனை கிலோமீட்டர் முடிந்தது என்று கணக்கும் காட்டலாம். அந்த வேலி ஆளைத் தடுக்கிறதா? தடுக்கும், ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த நிபந்தனையை நாம் தொடர்ந்து கைவிட்டு வருகிறோம்.

சென்னைப் புறநகர் மார்க்கத்தில் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பதவியைப் பழைய ரயில்வேக்காரர்கள் இன்றும் பி.டபிள்யூ.ஐ. (பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டர்) என்றுதான் சொல்வார்கள். எல்லை மதிலைக் கட்டுவது ஒர்க்ஸ் பிரிவு. அதில் ஓட்டை விழுந்தால் முதலில் பார்ப்பது எங்கள் கீமேன். சுத்தியலும் ஸ்பேனருமாகத் தன் பீட்டை நடந்து முடித்துவிட்டு வந்து, "சார், மறுபடியும் உடைச்சிட்டாங்க" என்பார். எந்த இடம் என்று நான் கேட்க வேண்டியிருந்ததில்லை. எப்போதும் அதே இடம்தான்.

அந்த ஓட்டையை விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரே இரவில் யாரும் அதைப் போடுவதில்லை. முதலில் அடியில் ஒரு செங்கல் ஆடும். பிறகு அது காணாமல் போகும். சில நாளில் முழங்கால் உயரம், அப்புறம் இடுப்பு உயரம். யாரோ இந்தப் பக்கம் ஒரு கல்லை ஏறுபடியாகப் போடுவார்கள், அந்தப் பக்கம் உடைந்த ஸ்லீப்பர் துண்டு ஒன்று வந்து சேரும். கால் பட்டுப் பட்டு அந்தக் கல் வழுவழுவென்று ஆகியிருக்கும். கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் சேலை நூல் சிக்கித் தொங்கும். பிறகு யாரோ அந்தக் கம்பியை உள்பக்கமாக மடக்கி விடுவார்கள், அடுத்து வருபவருக்குக் கிழிக்கக் கூடாதே என்று. நாசவேலை செய்கிறவன் அடுத்தவருடைய சேலையைப் பற்றிக் கவலைப்பட மாட்டான். அந்த மடக்கிய கம்பியைப் பார்த்த பிறகு, மதிலை உடைக்கிறவர்களைச் சமூக விரோதிகள் என்று அறிக்கையில் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒருநாள் காலை கொத்தனாரோடு அந்த ஓட்டையை அடைக்கப் போயிருந்தேன். பூ விற்கும் அம்மா ஒருவர் கூடையை முதலில் உள்ளே நகர்த்திவிட்டு, பிறகு குனிந்து வந்தார். "ஏம்மா, பாலம் இருக்கே, அதுல வரக் கூடாதா?" என்றேன். "ஏறி இறங்கினா முட்டி போயிடுது சார். நீங்க அடைச்சிட்டுப் போங்க, நான் என்ன பண்றது சொல்லுங்க" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னை உலுக்கியது. அந்த வாரமே, அடைத்த இடத்துக்கு நாலடி தள்ளிப் புதிய ஓட்டை வந்தது.

அவர் சொன்னது உண்மையான கணக்கு. மின்சார ரயில் பாதைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. நடைமேம்பாலம் அதற்கும் மேலே நிற்க வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இரண்டு மாடி ஏறி, இரண்டு மாடி இறங்க வேண்டும். தண்டவாளத்தைக் குறுக்காகக் கடந்தால் சில நொடி. கடற்கரை – தாம்பரம் பாதையில் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் இருபுறமும் ஊர் பெருத்தது. வீடு ஒரு பக்கம், ஜி.எஸ்.டி. சாலையும் பஸ் ஸ்டாப்பும் மறுபக்கம். பள்ளிக்கூடம் ஒரு பக்கம், மார்க்கெட் மறுபக்கம். தடங்கள் நான்காயின, ரயில்கள் பெருகின, ஆனால் நடந்து போகிறவருக்கான வழி மட்டும் அதே வேகத்தில் வளரவில்லை.

அத்துமீறுவது குற்றம்தான். ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தப் பலகை பல நிலையங்களில் துருப்பிடித்து நிற்கிறது. தினம் அதன் அடியிலேயேதான் கடக்கிறார்கள். 2012-இல் அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்பு ஆய்வுக் குழு, ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் இப்படித் தண்டவாளத்தில் மடிகிறார்கள், அதில் ஏறத்தாழ 6,000 பேர் மும்பைப் புறநகர்ப் பாதையில் மட்டும் என்று எழுதியது. எந்த நாகரிக சமுதாயமும் இதை ஏற்காது என்று அந்தக் குழுவே கொதித்தது. ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்து நிற்கக்கூடிய எண்ணிக்கையா இது?

வேலியால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பின்லாந்தில் ஆன்னே சில்லா, யூஹா லூவோமா என்ற இரு ஆய்வாளர்கள் மக்கள் வழக்கமாகக் கடக்கும் இடங்களில் மூன்று வழிகளைச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் அத்துமீறல் சுமார் 31 சதவீதம் குறைந்தது. வேலி போட்ட இடத்தில் சுமார் 95 சதவீதம் குறைந்தது. மண் மேடு, செடி கொண்டு நிலத்தின் அமைப்பை மாற்றிய இடத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு, 91 சதவீதம். ஆக, சரியான இடத்தில் போட்ட வேலி நிச்சயம் வேலை செய்கிறது. பலகையைப் போல் மூன்று மடங்கு செய்கிறது. ஆனால் அங்கே கடக்கும் ஆட்கள் எத்தனை, நம் புறநகர் நிலையம் ஒன்றில் காலை எட்டு மணிக்குக் கடப்பவர்கள் எத்தனை? ஒரு ஊரையே இரண்டாகப் பிரிக்கும் பாதைக்கு அந்தச் சதவீதத்தை அப்படியே எடுத்துவர முடியாது. பிரிட்டனில் ரயில் பாதைக்கு வேலி போடுவது 1840-களிலேயே சட்டக் கடமை ஆகிவிட்டது. அங்கும் அத்துமீறி நுழைகிறவர்கள் இன்றுவரை இருக்கிறார்கள்.

வெளியில் இருப்பவர்கள் அதிகம் யோசிக்காத ஒன்று உண்டு. ஓட்டை உள்ள மதில், மதிலே இல்லாததைவிட மோசம். திறந்த வெளியில் ஒருவர் பாதையை நோக்கி நடந்து வருவதை லோகோ பைலட் தூரத்திலேயே பார்த்து ஹாரன் அடிப்பார். உயரமான மதிலின் ஓட்டைக்குள்ளிருந்து வருபவர் திடீரென்று தண்டவாளத்தின் ஓரத்தில் முளைப்பார். அவருக்கும் ரயில் தெரியாது, ரயிலில் இருப்பவருக்கும் அவர் தெரிய மாட்டார். எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் வேகத்தில் வரும் ரயில் நிற்கப் பல நூறு மீட்டர் ஓடும். மதிலுக்குப் பின்னால் யாரும் பார்ப்பதில்லை என்பதால் அங்கே குப்பை சேரும், பாட்டில் சேரும், இருட்டியதும் கூட்டம் சேரும். அங்கே தனியாகப் போய் வேலை செய்யும் டிராக்மேன்களைக் கேட்டுப் பாருங்கள்.

பரங்கிமலையை நாம் மறந்துவிடக் கூடாது. 2018 ஜூலை 24 காலை. மின்கம்பி அறுந்து வழக்கமான தடம் முடங்கியதால், கடற்கரையிலிருந்து திருமால்பூர் போன மின்சார ரயிலை விரைவு ரயில் தடத்தில் திருப்பிவிட்டார்கள். நெரிசல். படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள், பரங்கிமலை நிலையத்தில் நடைமேடைக்கும் விரைவுத் தடத்துக்கும் நடுவில் நின்ற கான்கிரீட் தடுப்பில் மோதினார்கள். நான்கு பேர் அன்றே இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். படியில் தொங்கியது தவறு என்று அன்று நிறையப் பேர் சொன்னார்கள். ரயில் தாமதமாகி, வேலைக்குப் போக வேறு வழியில்லாமல் தொங்கிய பிள்ளைகள் அவர்கள். தண்டவாளத்துக்கு இவ்வளவு அருகே ஒரு தடுப்பு நிற்கும்போது, ஒருநாள் அந்தத் தடத்தில் கூட்டம் வழியும் புறநகர் ரயில் வந்தால் என்ன ஆகும் என்பதை யாரோ ஒருவர் யோசித்திருக்க வேண்டும். தடுப்பு என்பது வெறும் சுவர் அல்ல. எங்கே, எவ்வளவு தள்ளி, யாருக்காக என்று கேட்டுக் கட்டாவிட்டால் அதுவே ஆளைக் கொல்லும்.

அதே மாநிலத்தில், அதே ரயில்வே, வேறொரு உயிருக்காகச் சரியாக யோசித்திருக்கிறது. 2021 நவம்பரில் கோவை மதுக்கரை அருகே நவக்கரையில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. நாடே கலங்கியது. அதற்குப் பின் எட்டிமடை – வாளையாறு இடையே யானைகள் பாதைக்கு அடியில் கடந்து போகச் சுரங்கப்பாதைகள் கட்டினார்கள். 2024 பிப்ரவரியில் வனத்துறை பன்னிரண்டு கோபுரங்களில் வெப்பக் கேமராக்கள் வைத்து, யானை நெருங்கினால் ரயில்வேக்குத் தகவல் போகும் ஏற்பாட்டைத் தொடங்கியது. யானை கடந்தே தீரும், அதன் வலசையை மதில் கட்டி நிறுத்த முடியாது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்தத் தீர்வு பிறந்தது. பூக்கூடையோடு வரும் அந்த அம்மாவும் கடந்தே தீருவார் என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு இன்னும் மனம் வரவில்லை. எனக்கு இதில் தீராத வருத்தம்.

வடக்கே மும்பை – அகமதாபாத் பாதையில் 2022-இல் வந்தே பாரத் ரயில் எருமைகள் மீது மோதியதும், 600 கிலோமீட்டருக்கு மேல் இரும்புத் தடுப்பு போட்டார்கள். வேகம் கூடும்போது அது அவசியம்தான். மாடு அதில் நின்றுவிடும். ஆள் தாண்டிவிடுவார்.

கல் எறிவது வேறு விஷயம், அதை அத்துமீறலோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. நம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் கட்டிய வந்தே பாரத் பெட்டிகளின் கண்ணாடி உடைவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. 2019 முதல் 2023 ஜூன் வரை இதனால் 55 லட்சம் ரூபாய்க்கு மேல் நஷ்டம், 151 பேர் கைது என்று ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். சட்டத்தின் 153-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் எங்கள் மார்க்கத்தில் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் மீசை முளைக்காத பையன்கள். அவர்களுக்கு மதில் தடையல்ல, மறைவு. கல் மதிலுக்கு மேலே பறந்துதான் வரும். ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) காவலர் ஒருவர் பாதையோரத் தெருவின் பள்ளிக்கே போய், உடைந்த கண்ணாடியில் கண் போகவிருந்த பயணியைப் பற்றிச் சொன்ன பிறகு, அந்தத் தெருவில் சில மாதங்கள் கல் விழவில்லை. அந்த வேலையைத் தொடர்ந்து செய்ய ஆள் ஒதுக்க வேண்டும்.

மறுபடி அத்துமீறலுக்கு வருவோம். மும்பை வடாலாவில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. பெரிய உருவம் தூரத்திலிருந்து வரும்போது அதன் வேகத்தை நம் கண் குறைத்தே மதிப்பிடும். அதனால் சில ஸ்லீப்பர்களுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். அவை ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்து ரயிலின் வேகம் புரியும். ரயில் மோதப்போகும் மனிதனின் முகத்தை மூன்று படங்களாகப் பெரிதாக வைத்தார்கள். நீள ஹாரனுக்குப் பதில் இரண்டு சிறு ஹாரன் அடித்தார்கள். சாவு குறைந்தது. பெயின்ட் விலைதான் செலவு. சென்னையில் ஏன் இதைப் பரவலாகச் செய்யவில்லை?

கடைசியாக, அந்த நிபந்தனை. வேலி வேலை செய்ய வேண்டுமானால், அதற்கு அருகிலேயே நடக்கக்கூடிய வழி முதலில் திறந்திருக்க வேண்டும். மழையில் தண்ணீர் தேங்காத, இரவில் விளக்கெரியும் சுரங்கப்பாதை. அல்லது லிஃப்ட் ஓடும் பாலம். நடப்பதோ தலைகீழ். லெவல் கிராசிங்கை மூடி மதிலை எழுப்புவார்கள், சுரங்கப்பாதை வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பாதைக்கு அடியில் உள்ள பகுதி ரயில்வேயின் பொறுப்பு, இருபுறமும் இணையும் சாலையும் நில எடுப்பும் மாநில அரசின் பொறுப்பு. இருவருக்கும் இடையில் கோப்பு அலையும் காலமெல்லாம் ஓட்டைதான் வழி.

மாநகராட்சி உறுப்பினர்களையும், நாடாளுமன்ற உறுப்பினர்களையும், நான் வேலை பார்த்த ரயில்வேயையும் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு மதில் டெண்டருக்குக் கையெழுத்திடும் முன், காலை ஏழிலிருந்து ஒன்பது வரை அந்த இடத்தில் நின்று, யார் யார் எங்கே கடக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் கடக்கும் இடத்திலேயே வழியைக் கட்டித் திறந்துவிடுங்கள். அதற்கடுத்த நாள் மதிலைக் கட்டுங்கள். வாசகர்களே, உங்கள் ஊர் நிலையத்தில் புதிதாக மதில் எழுந்தால், சுரங்கப்பாதை எந்தத் தேதியில் திறக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.