எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை



“சினிமா போஸ்டர், பாட்டுப் புத்தகமெல்லாம் எதுக்கு சார் சேர்க்கிறீங்க, குப்பைதானே?” என்று போன பதிவில் ஒருவர் கேட்டிருந்தார். ராசிபுரம் பக்கம் ஒரு வீட்டில் பரண் ஒழித்தபோதும் இதே பேச்சுதான். நான் போய்ச் சேருமுன் ஒரு கட்டு நோட்டீசு கிலோக் கணக்கில் எடைக்குப் போய்விட்டது.

குப்பையா? திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்தி நூறு படங்களுக்கு மேல் எடுத்தார். மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), இரண்டும் நம்ம ஊர்ச் சரக்கு. இன்று அங்கே வளைவுதான் நிற்கிறது. அதன் முன்னால் செல்ஃபி எடுக்க மட்டும் ஆளுக்குக் குறைவில்லை.

படச்சுருள் போனால் தாள்தான் சாட்சி. முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ (1931) ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அன்றைய விளம்பரமும் விமர்சனமும் இருப்பதால்தான் அதைப் பற்றிப் பேசவாவது முடிகிறது.

1933 சிகாகோ, 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிகளின் சுவரொட்டிகளை அமெரிக்காவில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதுவும் கூட்டம் சேர்க்க அடித்த விளம்பரம்தானே! அது கலை, நம்முடையது குப்பையாம். கோட்டையூர் ரோஜா முத்தையா பேராசிரியர் இல்லை, விளம்பரப் பலகை எழுதியவர். புத்தகங்களோடு நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்தார். அவர் காலத்துக்குப் பின் அதன் மதிப்புத் தெரிந்து வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். அந்தச் சேகரிப்பில்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் உருவானது. மாடர்ன் தியேட்டர்ஸ் தாள்களுக்குச் சேலத்தில் ஓர் அறை ஒதுக்கச் சொல்லிக் கேட்பது பேராசையா?

ஆசையாக வைத்திருப்பவர்கள் செய்யும் கொடுமை வேறு. உடனே லேமினேஷன்! சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் உரிக்க முடியாது. செல்லோடேப் பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும். வெயில் படும் சுவரில் மாட்டினால் சிவப்பு வெளிறும். அந்தக் கால மலிவுத் தாளில் அமிலம் அதிகம், மடித்த இடத்தில் தானாகவே உடையும். மடிப்பைப் பிரித்து, இடையில் அமிலமில்லாத தாள் வைத்து, ஈரமில்லாத இடத்தில் படுக்கையாக வையுங்கள். அவ்வளவுதான் வேலை.

“ஸ்கேன் இருக்கே, காகிதம் எதுக்கு?” என்பவர்கள் வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களைப் பாருங்கள். பாதிக்கு மேல் அடியிலிருக்கும் அச்சகத்தின் பெயர் வெட்டுப்பட்டிருக்கும்.

சேலம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் டூரிங் டாக்கீஸ் நடத்திய குடும்பங்கள் இந்தப் பதிவைப் படித்தால், எடைக்குப் போடுமுன் இன்பாக்ஸில் ஒரு வரி எழுதுங்கள். நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன். லேமினேஷன் கடைக்கு மட்டும் போய்விடாதீர்கள்.