படுக்கைக்குக் காசு உண்டு, விரலுக்கு இல்லையா?

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழும் எங்கள் ஊரவர்களுக்கு,

இதை எழுதுகிற எங்களில் தோணித்தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். நெல் மில்லில் நின்றவர்கள், காத்தான்குடியிலும் மருதமுனையிலும் தறியில் இருந்தவர்கள், ஆசிரியர்களும் இருக்கிறார்கள். கத்தியோ கண்ணாடியோ மெசினோ பட்டு, விரலை இழுக்கும் தசைநாண் அறுந்து, அதைத் தைத்துக்கொண்டவர்கள் நாங்கள். தைத்த பிறகு அந்த விரலை மீண்டும் மடக்கப் பழகினோமே, அந்தச் சிகிச்சைக்குத்தான் காப்புறுதி கேட்கிறோம்.

சத்திரசிகிச்சைக்குக் கேட்கவில்லை. அரச வைத்தியசாலையில் அது இலவசம்; இரவோடு இரவாகத் தைத்துவிட்ட வைத்தியர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஆனால் தையல் பாதி வேலைதான். தைத்த தசைநாணை அசைக்காமல் வைத்தால் சுற்றியிருக்கும் திசுக்களோடு ஒட்டிக்கொள்ளும், விரல் கட்டைபோல் நின்றுவிடும். பலமாக அசைத்தாலோ, முதல் சில வாரங்களில் தையலே பிய்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே, அளந்து அளந்து அசைக்க வேண்டும். உள்ளங்கையின் நடுவிலிருந்து விரலின் நடுக்கணு வரையான பகுதியில் காயம் பட்டால் உடனே தைக்கவே கூடாது என்றுதான் ஒரு காலத்தில் வைத்தியர்கள் எண்ணியிருந்தார்கள். 1960களில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஹரோல்ட் கிளைனர்ட் என்பவர், தைத்த கையை ரப்பர் நாடா கட்டிய தாங்கியில் வைத்து, ஆரம்பத்திலிருந்தே அசைத்துக் காட்டினார். அதன் பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

அந்தத் தாங்கி எப்படி உருவாகிறது என்று பார்த்தவர்கள் குறைவு. விறைப்பான பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சுடுநீர்த் தட்டில் போடுவார்கள். சற்று நேரத்தில் அது தோசைபோலத் துவண்டுவிடும். துடைத்து, சூடு தாங்கும் பதத்தில் முன்கையின் முதுகுப்பக்கம் போர்த்தி, மணிக்கட்டும் விரலடிக் கணுக்களும் உட்பக்கம் மடிந்திருக்கும்படி பிடித்துக்கொண்டே ஆறவிடுவார்கள். நகத்தில் ஒட்டிய கொக்கியிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு ரப்பர் நாடா. நாடா விரலை மடக்கி வைக்கும். நீங்கள் நிமிர்த்த வேண்டும், விட வேண்டும். பகல் முழுக்க, மணிக்கு மணி. வீக்கம் வடிய வடியத் தாங்கி தளரும். மறுபடி தட்டில் போட்டுத் திருத்த வேண்டும். சுமார் ஆறு வாரம் இப்படி. பாரம் தூக்க ஏறக்குறைய பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். வலை இழுப்பவனுக்கு அது ஒரு பருவமே போன கணக்கு.

இனிக் காப்புறுதிக்கு வருவோம். நம்மில் பலருடைய பொலிசிகள் வைத்தியசாலைக் கட்டிலை வைத்துத்தான் அளக்கின்றன. ஓர் இரவு தங்கினீர்களா, பில்லைத் தாருங்கள். தங்கவில்லையா, அது வெளிநோயாளர் செலவு. சிறு தொகைக்குள் அடங்கும், அல்லது அடங்கவே அடங்காது. தாங்கியை ‘உபகரணம்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள், பயிற்சியை ‘உடற்பயிற்சி’ என்று. எங்களில் ஒருவருக்கு வந்த மறுப்புக் கடிதத்தில் இருந்ததே ஒற்றை வரி. கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஆளை விழித்திருக்கவிட்டே தைத்து, அன்றே வீட்டுக்கு அனுப்பும் முறை இப்போது உலகில் பரவி வருகிறது. நோயாளிக்கு நல்லது, செலவும் குறைவு. கட்டிலை அளக்கிற பொலிசிக்கு மட்டும் அது கண்ணில் படாது!

கை மறுவாழ்வு நம் வாவிக்கு அந்நியமான விஷயமல்ல. வாவிக்குள் இருக்கும் மாந்தீவு, தொழுநோயாளருக்கான வைத்தியசாலை இருந்த தீவு. அந்த நோய் முழங்கையருகே ஓடும் நரம்பைத் தாக்கினால் சுண்டு விரலும் மோதிர விரலும் கொக்கிபோல் வளைந்துவிடும். 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் போல் பிராண்ட், நல்ல தசைநாண் ஒன்றை இடம் மாற்றிப் பொருத்தி அத்தகைய விரல்களை மீண்டும் வேலை செய்ய வைத்தார். அங்கும் கத்தி வேலைக்கு முன்னும் பின்னும் பயிற்சி இருந்தது. நம் மாவட்டத்தில் இன்றும் புதிய தொழுநோயாளர் கண்டறியப்படுகிறார்கள். ஆகவே இந்தக் கோரிக்கை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அரசாங்க வைத்தியசாலையில் பயிற்சி இலவசம்தானே என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் வெல்லாவெளியிலிருந்து நகரத்துக்கு வாரம் இருமுறை ஒற்றைக் கையோடு வந்து பாருங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் படுவான்கரையார் அங்கே பாதைப் படகுக்குக் காத்து நிற்பதில்லை, பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள். பஸ் காசும் போகிறது, அன்றைய உழைப்பும் போகிறது. மூன்றாம் வாரத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் சோம்பேறிகள் அல்லர். கூலிக்கு நின்று காயப்பட்டவருக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டமாவது இருக்கிறது. அதன் உச்சத்தொகை 2022இல் 20 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. சொந்தத் தோணியில் போகிறவர் யாரிடம் கேட்பார்?

இது எங்கள் ஊர்க் கோரிக்கை மட்டுமல்ல. மறுவாழ்வுச் சிகிச்சையை ஒவ்வொரு நாட்டின் சுகாதாரக் கட்டமைப்புக்குள்ளும் வலுப்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார சபை 2023 மே மாதம் தீர்மானம் நிறைவேற்றியது. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம், தனிநபர், சிறு நிறுவனக் காப்புறுதிகள் கட்டாயம் தரவேண்டிய பத்து வகைச் சேவைகளில் மறுவாழ்வையும் அதற்கான சாதனங்களையும் சேர்த்திருக்கிறது. அங்குள்ள மற்றக் கோளாறுகள் எங்களுக்கும் தெரியும். இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

உங்களிடம் கேட்பது இதுதான். அரச ஊழியர்களே, அக்ரஹார காப்புறுதிக்கு உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் கழிகிறது. கைத்தாங்கியையும் கைப்பயிற்சியையும் அதில் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்க்கும்படி உங்கள் தொழிற்சங்கங்கள் அதை நடத்தும் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்கு எழுதட்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தாரே, உறுப்பினர்களுக்குக் குழுக் காப்புறுதி பேசும்போது இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: தங்காமல் பெறும் கைச்சிகிச்சைக்கு எவ்வளவு, எத்தனை முறை? முகவர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். மில் முதலாளிமாரும் தறிக்கூடம் நடத்துவோரும் அதையே கேட்கலாம்.

தனியார் கம்பனி மறுத்தால், எந்த நிபந்தனையின்படி மறுத்தது என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பனிக்கே முறையீடு செய்யுங்கள். அங்கே சரிவராவிட்டால் கொழும்பில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார். அவரிடம் போக சட்டத்தரணி தேவையில்லை.

மறுப்புக் கடிதத்தைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். பெயரையும் பொலிசி இலக்கத்தையும் மறைத்து ஒரு பிரதி எடுத்து, உங்கள் ஊர்ச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள். அவற்றைச் சேர்த்துக் கட்டித்தான் நிதியத்துக்கும் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவுக்கும் எங்கள் மனுவோடு அனுப்பப்போகிறோம்.