ஓரெழுத்து இகழ்ச்சி

"தூ!" இந்த ஓரெழுத்துச் சொல் எங்கே பிறந்தது? புலவரைக் கேட்க வேண்டியதில்லை, வாயைக் கேட்டால் போதும். உமிழும்போது எழும் ஓசையே இகழ்ச்சிச் சொல்லாகி நிற்கிறது. வாய்க்கு ஒவ்வாததை வெளியே தள்ளும் செயலையே இகழ்ச்சியாக உமிழ்வது காட்டுகிறது என்று 1872-இல் டார்வின் எழுதினார். இந்திக்காரர் வாயிலும் இதே 'தூ'தான். இதையும் தமிழன் வடக்கேயிருந்துதான் கடன் வாங்கினான் என்று பண்டிதர் எவரேனும் கிளம்பினால் நாம் வியப்படைய மாட்டோம்!

தமிழில் 'தூ' என்றால் தூய்மை என்ற பொருளும் உண்டு. அது வேறு சொல். ஓசை ஒத்தது தற்செயல். ஆனால் தூய்மையையும் எச்சிலையும் ஒரே நூலில் கோத்துவைத்தார்களே, அதுவும் தற்செயலா? பேஷ்வாக்களின் பூனாவில் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டோர் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அவர்கள் எச்சில் மண்ணில் விழுந்து, அதை அறியாமல் மிதிக்கும் இந்து தீட்டுப்பட்டுவிடக் கூடாதாம்! 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் இதை எடுத்துக்காட்டினார். ஊரார் 'தூ' என்று உமிழலாம். உமிழப்பட்டவனோ கலயத்துக்குள்தான் துப்பவேண்டும். இதற்குத் தர்மம் என்று பெயர்!

அந்தத் தர்மத்தை இன்றும் மெச்சுவோருக்கு நாம் தரும் மறுமொழி, மேலே சொன்ன ஓரெழுத்துத்தான்.